நைனாவுக்குத் தெலுங்கு மறந்துபோனது

1

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் எங்கள் முதியோர் இல்லத்தின் இரண்டாவது மாடியில் வேலை செய்கிற எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவோம். வேபர் அம்மாவின் மகள் வரும் நேரம் அது. வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் நகங்களைப் பார்ப்பாள். காதுக்குப் பின்னால் பார்ப்பாள். படுக்கை விரிப்பைத் தூக்கி மோந்து பார்ப்பாள். பிறகு எங்கள் அறைக் கதவைத் தட்டுவாள். உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருக்கும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம், இன்றைக்கு யார் எழுந்து போவது என்று.

போன ஞாயிறு நான் போனேன். வேபர் அம்மா வேறு யாருடைய நீலக் கம்பளிச் சட்டையையோ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. அவசரத்தில் யாரோ கைக்குக் கிடைத்ததை எடுத்து மாட்டிவிட்டிருக்கிறார்கள். "இதோ, உடை மாற்றிவிடுகிறேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். ஜெர்மன் மொழியில் உடை மாற்றுவதற்கும் வீடு மாறிப் போவதற்கும் வினைச்சொல் ஒன்றுதான். வாக்கியத்தை அமைக்கிற விதத்தில்தான் பொருள் பிரியும். இத்தனை வருஷம் இந்த மொழியில் பிழைத்தும் களைப்பில் நாக்கு பிசகிவிட்டது. "உங்கள் அம்மா இப்போது வேறு இடத்துக்குப் போகிறார்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் முகம் வெளுத்துப்போனது. "எங்கே? எங்கே அனுப்புகிறீர்கள்? என்னிடம் ஏன் யாரும் சொல்லவில்லை?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எப்போதும் எங்களை மிரட்டுகிறவள் பிடித்த கையை விடவில்லை.

திருத்திச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். சட்டையை மாற்றினேன். அவளும் சிரிக்கப் பார்த்தாள். ஆனால் அந்த முகம் என்னோடு பஸ் ஏறி வீடுவரை வந்தது. எனக்குத் தெரிந்த முகம் அது. போன வருஷம் திருப்பதியில் நான் அதே முகத்தோடுதான் அலைந்தேன்.

"ஜெர்மனியில கிழவங்களப் பாத்துக்கிற வேலைக்குப் போய்ட்டு, சொந்த நைனாவ ஹோமுல போட்டுட்டா" என்று நம் பக்கத்தில் சிலர் பேசிக்கொண்டதாக அண்ணன் சொன்னான். அவர்களுக்கு மறுப்பு எழுத எனக்குத் தெம்பு இல்லை. நடந்தது இதுதான் என்று சொல்லிவிட்டால் போதும் என்று தோன்றுகிறது.

2

எங்கள் ஊர் ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, ராமகுப்பத்துக்குப் பக்கம். ஊரார் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம். நைனா முனுசாமிக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வந்தபோது எனக்கு விவரம் தெரிந்துவிட்டது. மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்த்தார். தக்காளி போட்டார். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. பலமனேர் மண்டியில் அவர் பேசுகிற தெலுங்கைக் கேட்டுவிட்டு, தமிழ் வீட்டு ஆள் என்றால் தரகர்களே நம்ப மாட்டார்கள். சிரிக்க வைத்தும் விலை ஏற்றுவார், சண்டை போட்டும் ஏற்றுவார். சித்தூரில் எனக்கு நர்ஸிங் சீட்டு கிடைத்ததுகூட அந்தத் தெலுங்கால்தான். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிப் பேசிப் பேசியே வாங்கினார். எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை அந்த மாதிரி ஒரு ஆபீஸில் நாற்காலியில் உட்கார்ந்து பேசியதில்லை. அவரும் நின்றுகொண்டுதான் பேசினார். ஆனால் பேசினார்.

அம்மா இறந்த பிறகு நைனா சித்தூரில் அண்ணன் கோவிந்தனோடு இருந்தார். அண்ணனுக்கு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் வேலை. சீசன் வந்தால் வீட்டுக்கு வருகிற நேரம் அவனுக்கே தெரியாது. அண்ணி ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் வேலை பார்க்கிறாள். இருப்பது மாடிப் போர்ஷன். அங்கேதான் நைனாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. பேச்சு மட்டும் பிறகு துண்டு துண்டாகத் திரும்பி வந்தது, குழறலாக.

அண்ணி பார்க்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். தூக்கி உட்கார வைத்தாள், கழுவினாள், ஊட்டினாள். ஒரு நாள் அவரைத் தூக்கும்போது அவள் இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவளையே இன்னொருவர் தூக்கி உட்கார வைக்க வேண்டியதாயிற்று. நாங்கள் இங்கே ஒரு ஆளைத் தூக்க மின்சாரத் தூக்கி வைத்திருக்கிறோம். அது இல்லாவிட்டால் தனியாகத் தூக்கக்கூடாது என்று எங்களுக்குச் சட்டம்.

அண்ணன் ஃபோனில் சொன்னான்: "திருப்பதியில ஒரு ஹோம் பாத்துக்கினு வந்தேன் சரளா. சுத்தமாத்தான் கீது. வேற வழி எனக்குத் தெரியல. நீ எதனா சொல்றதுன்னா இப்பவே சொல்லிடு, பின்னால சொல்லாத."

ஃபோனை வைத்துவிட்டு, இங்கே அழைத்துக்கொள்ள முடியுமா என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பொறுமையாகத்தான் விளக்கினாள். பெற்றோரை அழைக்க விசேஷமான கஷ்டம் இருக்க வேண்டும். சொந்த நாட்டில் பார்த்துக்கொள்ள ஒரு மகன் இருக்கிறார் அல்லவா, அப்படியானால் அது விசேஷமான கஷ்டம் ஆகாது. "உங்கள் தொழிலுக்கு நாங்கள் நன்றியுள்ளவர்கள்" என்றும் சேர்த்துக்கொண்டாள். அதையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

3

வாரத்துக்கு ஒருமுறை வீடியோவில் காட்டுவார்கள். எப்போது கூப்பிட்டாலும் நைனா தூங்கிக்கொண்டிருப்பார். "இப்பத்தான் டிஃபன் ஆச்சு மேடம், படுத்துக்கிட்டாரு" என்பார்கள். நேரத்தை மாற்றி மாற்றிக் கூப்பிட்டேன். மாற்றி மாற்றித் தூங்கினார். எங்கள் வேலையில் இருக்கிறவர்களுக்கு அந்தத் தூக்கம் எப்படிப்பட்டது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோடை விடுமுறையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மகள் தீபிகாவோடு கிளம்பினேன். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை.

தீபிகாவுக்குப் பதினொரு வயது. மூன்று வயதில் இங்கே வந்தவள். தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். பெங்களூரில் இறங்கி, பலமனேர் வழியாகச் சித்தூர் வந்து, அங்கிருந்து மறுநாள் திருப்பதி போகும்வரை காரின் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "தாத்தா என்னோடு என்ன மொழியில் பேசுவார்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். "தமிழில்தான்" என்றேன். "அப்படியானால் சரி, எனக்குக் கொஞ்சம் வரும்" என்றாள். சனிக்கிழமைகளில் கம்ப்யூட்டரில் தமிழ் வகுப்பு வைத்திருக்கிறேன்.

திருப்பதிக்கு வெளியே புதிதாகப் போட்ட லேஅவுட் ஒன்றில் இருந்தது அந்த இல்லம். முன்பக்கம் தனி அறைகள். பின்பக்கம் ஒரு பெரிய ஹால், சுவரோரம் கட்டில்கள். தரையில் ஃபினாயில் வாசனை. டிவியில் யாரோ பஜனை பாடிக்கொண்டிருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்கிறவர்களுக்கு அண்ணன் சொன்ன மாதிரி சுத்தமாகத்தான் தெரியும்.

நைனா கடைசிக் கட்டிலில் இருந்தார். சலவைச் சட்டை போட்டு, முகத்துக்குப் பவுடர் பூசியிருந்தார்கள். எங்கள் தொழிலில் பவுடர் வாசனை நல்ல சேதி அல்ல. கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தார், என்னைப் பார்த்தார், ஆனால் கண்ணுக்குள் யாரும் இல்லை. திரும்ப மூடிக்கொண்டார். ஒருக்களித்துப் படுக்க வைத்து வேட்டியைத் தளர்த்திப் பார்த்தேன். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. பஞ்சை எடுத்தேன். உள்ளே சதை தெரிந்தது.

இந்தப் புண் ஒரே நாளில் வராது. ஒரே ஆளால் வராது. அதே பக்கம் படுக்க விட்டு, எல்லோரும் கடந்து போனால் வரும்.

தீபிகா கதவருகே நின்றிருந்தாள். "அம்மா, தாத்தாவுக்கு என்ன வாசனை?" என்று ஜெர்மனில் கேட்டாள். வெளியே போய் உட்காரச் சொன்னேன்.

4

இல்லத்தை நடத்துகிறவர் சுஜாதா மேடம். முன்பு டீச்சராக இருந்தவர். தெலுங்குக்காரர், திருப்பதியில் வளர்ந்ததால் தமிழும் பேசுவார். நான் சத்தம் போடத் தயாராகத்தான் போனேன். போடவும் செய்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். அவர் கண்ணுக்குக் கீழே எனக்கு இருப்பது போலவே கருவளையம்.

"நீங்க நர்ஸ் கதா, நர்ஸ்தானே மேடம், உங்களுக்கே தெரியணும்" என்றார். "இந்த ஹாலுக்கு இரண்டு பொம்பளைங்க. ஒருத்தி லீவு போட்டா ஒருத்தி. நல்ல ஆளுங்க வர மாட்டாங்க, வந்தாலும் நிக்க மாட்டாங்க. மீ நைனா, உங்க அப்பா, பகல்லயும் ராத்திரியும் அரிச்சுக்கிட்டே இருந்தாரு. அதான், கத்தல். அடிக்கவும் வந்தாரு. மத்தவங்க தூங்க வேணாமா? டாக்டர்தான் மாத்திரை எழுதினாரு."

ஆள் இல்லை. இந்த வாக்கியத்தை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெர்மனில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! சொல்லும்போது அது உண்மையாகத்தான் இருக்கும். கேட்கிற பக்கம் நின்றால் அதே உண்மை எதற்கும் உதவாமல் இருக்கிறது.

வாரம் ஒருமுறை வரும் டாக்டருக்காகக் காத்திருந்தேன். சின்னப் பையன்தான். புண்ணைக் காட்டியதும் அவனுக்கே முகம் சுண்டிப்போனது. "எனக்கு யாரும் காட்டலை சிஸ்டர்" என்றான். மாத்திரையைக் குறைத்தான், பிறகு நிறுத்தினான். புண்ணுக்கு மருந்து எழுதினான். சுஜாதா மேடம், பார்வையாளர் நேரம் என்று மாட்டியிருந்த போர்டை எனக்காகக் கண்டுகொள்ளாமல் விட்டார். காலையில் வந்தால் விளக்கு வைக்கும்வரை அங்கேயே இருந்தேன். புண்ணைக் கழுவினேன், பக்கம் மாற்றிப் படுக்க வைத்தேன்.

நைனா விழித்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். இந்த முறை கண்ணுக்குள் அவர் இருந்தார். வாய் கோணிக்கொண்டு அழுதார். பிறகு தீபிகாவைப் பார்த்து, குழறலாக, "துன்... துன்னியா?" என்றார்.

தீபிகா என்னைப் பார்த்தாள். "அம்மா, அது என்ன சொல்?"

சாப்பிட்டியா என்றுதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். எங்கள் வீட்டுத் தமிழ் வேண்டாம், நல்ல தமிழ் படிக்கட்டும் என்று காசு கட்டி வகுப்பு வைத்தவள் நான். "சாப்பிட்டாயா என்று கேட்கிறார்" என்றேன். அவள் வகுப்பில் படித்தபடி, "சாப்பிட்டேன் தாத்தா" என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். நைனா அவளை வேற்றாள் மாதிரி பார்த்துவிட்டு, மரியாதையாகத் தலையாட்டினார்.

கொஞ்ச நேரத்தில் கத்தத் தொடங்கினார். ஹாலில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள், பார்த்தாயா என்பது போல. "ஒக்கு! ஒக்கு!" என்று இடது கையால் கட்டிலைத் தட்டினார். ஹாலைப் பார்த்துக்கொள்ளும் லக்ஷ்மி ஓடி வந்தாள். ஸ்ரீகாகுளம் பக்கத்துப் பெண், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. "ஒக்கடி காவாலா தாத்தா? இதோ, இதோ" என்று டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். தெலுங்கில் ஒக்கடி என்றால் ஒன்று. அவர் பிஸ்கட்டை விசிறி எறிந்தார். அது அவள் கன்னத்தில் பட்டது.

"ரோஜு இதே அக்கா" என்றாள் லக்ஷ்மி. தினமும் இதுதான். அவள் குரலில் கோபம்கூட இல்லை. "அவரே கேக்கிறாரு, குடுத்தா அவரே எறியறாரு" என்று தெலுங்கிலேயே சொன்னாள்.

"ஒண்ணுக்கு வருதுன்னு சொல்றாரு" என்று நான் தெலுங்கில் சொன்னேன். "சிறுநீர் கழிக்கணுமாம்."

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

எத்தனை மாதம் என்று எனக்குத் தெரியாது. அவர் ஒண்ணுக்கு என்று கேட்டார், அவள் ஒரு பிஸ்கட் கொடுத்தாள். அவர் கேட்டார், அவள் கொடுத்தாள். பிறகு படுக்கை நனைந்தது. அவர் கத்தினார். டாக்டர் மாத்திரை எழுதினார்.

5

அன்று லக்ஷ்மியை அவரிடம் பேசச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தேன். "இட்டு திருகு தாத்தா" என்று இந்தப் பக்கம் திரும்பச் சொன்னாள். நைனா கூரையைப் பார்த்தார். செவிடு மாதிரி இருந்தார். "இப்படித் திரும்பு நைனா" என்று நான் சொன்னேன். உடனே இடது தோளை அசைத்துத் திரும்பப் பார்த்தார்.

பலமனேர் மண்டியை ஆட்டிவைத்த தெலுங்கு முழுசாகப் போயிருந்தது. மூளையில் அடிபடும்போது பின்னால் வந்த மொழி முன்னால் போவதை நான் ஜெர்மனியிலும் பார்த்திருக்கிறேன். எங்கள் இல்லத்தில் ஒரு கிழவர் கடைசியில் சின்ன வயதில் பேசிய போலிஷ் மொழிக்குத் திரும்பிவிட்டார். தரை துடைக்க வரும் போலந்துப் பெண்ணை அவர் அறைக்குத் தினமும் அனுப்புவோம். ஆனால் நைனாவைப் பற்றி அப்படி யோசிக்க எனக்கு வரவில்லை. அவரையும் தெலுங்கையும் பிரித்து நினைத்ததே இல்லை.

சித்தூருக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். அவன் மத்தியான ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"தமிழ் பேசற எடமா பாத்து மாத்திடலாம் அண்ணா" என்றேன். "இல்லன்னா இங்கயே கூட்டிக்கினு வந்துடலாம். ஆள் வெக்கலாம்."

"எந்த ஆளு?" என்றான். "மூணு பேர வெச்சேன். மூணும் போச்சு. மாடிப்படி எப்டி ஏத்துவ? பாத்ரூமுக்கு எப்டிக் கூட்டிக்கினு போவ? லீவு முடிஞ்சா நீ ஏரோப்ளேன்ல ஏறிடுவ. அப்பறம் யாரு?"

"அதுக்குன்னு அங்க அழுகிப் போகட்டும்னு விட்டுறதா?"

சொல்லியிருக்கக் கூடாது. அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினான். "நீ கூட்டிக்கினு போ" என்றான். "இன்னிக்கே ஜெர்மனிக்குக் கூட்டிக்கினு போ. நான் வேணாம்னு சொல்லல."

அண்ணி உள்ளேயிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "ரெண்டு பேரும் நிறுத்துங்க. அந்த மனுசன் இங்க இருந்தப்ப நான் மனசார ஒரு வேள சோறு துன்னதில்ல. அங்க போனப்பறமும் துன்னல. உங்க சண்டையில எனக்கு எதனா சோறு எறங்கப் போவுதா?"

பொத்தானைப் போட்டு முடித்துக்கொண்டு அண்ணன் வேலைக்குப் போனான். அவன் தெருமுனை திரும்பும்வரை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கும் முதுகு வளைந்துவிட்டது.

அடுத்த நாட்களில் சித்தூரிலும் வேலூர்ப் பக்கமும் இரண்டு மூன்று இல்லங்களைப் பார்த்தேன். ஒன்றில் இடமில்லை. ஒன்றில் படுக்கையில் இருப்பவர்களை எடுக்க மாட்டோம் என்றார்கள். ஒன்றைப் பார்த்துவிட்டு வாசலிலேயே திரும்பினேன்.

6

முன்பக்கத் தனி அறையில் ரங்காச்சாரி என்று ஒருவர் இருந்தார். கோயில் மடைப்பள்ளியில் காலம் முழுக்கச் சேவை செய்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் மெலிதாக நாமம், மேலே ஒரு துண்டு. பிள்ளைகள் அமெரிக்காவில். நான் ஹாலில் தமிழில் பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டு ஒருநாள் கதவுவரை வந்தார். உள்ளே வரவில்லை.

"யாரும்மா அது, தமிழ்ல பேசறது? காதுல விழுந்தே நாளாச்சு."

எழுந்து போய்ப் பேசினேன். எந்த ஊர் என்றார். சொன்னேன். யார் வீடு, என்ன குடும்பம் என்றார். எதைக் கேட்கிறார் என்று எனக்கா தெரியாது? சுற்றி வளைக்காமல் சொன்னேன். "ஓ" என்றார். கொஞ்ச நேரம் தீபிகாவைப் பார்த்தார். "குழந்தை சமத்தா இருக்கா" என்றார்.

களைப்பில் எனக்குக் கூச்சமெல்லாம் போயிருந்தது. நேராகக் கேட்டுவிட்டேன். "சாமி, காலையில கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் நைனா பக்கத்துல உக்காந்தீங்கன்னா போதும். அவரு என்ன கேக்கறாருன்னு லக்ஷ்மிக்குத் தெலுங்குல சொல்லணும். அவ்ளோதான்."

அவர் துண்டைச் சரிசெய்துகொண்டார். "உங்கிட்ட மறைப்பானேன்? இன்னும் கொஞ்சம் மடி ஆசாரம் ஒட்டிண்டிருக்கு எனக்கு. இந்தப் பக்கம் நான் வரதில்லே. அவனுக்கு வேற ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கோ."

அவன் என்றார். நாங்கள் வேலை செய்யுமிடத்தில் ஒரு முதியவரை மரியாதை இல்லாத சொல்லால் அழைத்தால் எழுத்தில் எச்சரிக்கை வரும். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "சரிங்க சாமி" என்று திரும்பி வந்து நைனாவின் காலுக்குத் தைலம் தேய்த்தேன்.

மறுநாள் காலையில் போனபோது ஹால் கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. ரங்காச்சாரி அதில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நைனா "ஒக்கு" என்றதும் பேப்பரை இறக்காமலே, "லக்ஷ்மீ! பெத்தாயனக்கு பாத்ரூம்!" என்று தெலுங்கில் குரல் கொடுத்தார், பெரியவருக்கு என்று. மடைப்பள்ளியில் பழகிய குரல், கட்டிடமே கேட்டது. லக்ஷ்மி பாத்திரத்தோடு ஓடி வந்தாள். படுக்கை நனையவில்லை. நைனா கத்தவில்லை.

நான் கிளம்புகிறவரை அந்த நாற்காலி கதவுக்கு வெளியேதான் இருந்தது. லக்ஷ்மிக்கு நானும் பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சொற்கள் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் வீட்டுத் தமிழாகவே சொல்லிக் கொடுத்தேன். தீபிகாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். கடைசி நாள் நைனாவிடம் போய், "துன்னியா தாத்தா?" என்றாள். நைனாவின் ஒரு பக்கத்து முகம் சிரித்தது.

7

புண் மெல்ல ஆறியது. முழுக்க ஆறவில்லை. வீடியோவில் கூப்பிட்டால் சில நாள் விழித்திருந்தார். லக்ஷ்மி கல்யாணமாகி ஊருக்குப் போனாள். புதிதாக வந்தவளுக்குப் பழகக் கொஞ்ச நாள் பிடித்தது, அந்தக் கொஞ்ச நாளில் புண் திரும்பப் பெருத்தது. சுஜாதா மேடம் மறைக்காமல் சொன்னார். அண்ணன் வாரா வாரம் சித்தூரிலிருந்து போய் வந்தான். எனக்கும் அவனுக்கும் பேச்சு பழையபடி ஆகிவிட்டது, ஆனால் இரண்டு பேருமே சில சொற்களைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டோம்.

ரங்காச்சாரி எப்போதாவது சுஜாதா மேடத்தின் ஃபோனில் பேசுவார். "உங்கப்பன் இன்னிக்கு இட்லியைத் தூக்கி எறிஞ்சான். கல்லு மாதிரி இருந்தது, எனக்கே எறியணும்னுதான் இருந்தது." இப்படித்தான் பேசுவார். நாற்காலி எங்கே இருக்கிறது என்று நான் கேட்டதில்லை.

குளிர்காலத்தில் நைனாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. அண்ணன், "வந்துடு" என்றான். என் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்ததால் இங்கே வசிக்கும் அனுமதி அட்டையையும் மாற்றக் கொடுத்திருந்தேன். புது அட்டை வரவில்லை. கையில் இருந்தது ஒரு மடித்த தாள். அந்தத் தாளோடு நாட்டை விட்டுப் போகலாம், திரும்பி வர முடியாது. அலுவலகத்துக்கு ஓடினேன். அவசரத்துக்கு வேறு தாள் தருவார்கள், அதற்கு முன்பதிவு வேண்டும், முன்பதிவுக்கு இணையத்தில் இடமில்லை. வாசல் காவலரிடம் என் நைனா சாகக் கிடக்கிறார் என்று ஜெர்மனில் சொன்னேன். இலக்கணப் பிழை ஒன்றும் வரவில்லை. அவர் வருத்தமாகத்தான் தலையசைத்தார்.

அன்று மதியம் நான் வேலையில் இருந்தபோது அண்ணன் கூப்பிட்டான். நைனா போய்விட்டார். அவன் சித்தூரிலிருந்து போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. காரியங்களை அவனே செய்தான். தீபிகாவிடம் சொன்னபோது அவள் ஜெர்மனில்தான் அழுதாள்.

காரியம் முடிந்த பிறகு இல்லத்துக்குக் கூப்பிட்டு நன்றி சொன்னேன். சுஜாதா மேடம், "ஐயங்கார் உங்ககிட்ட பேசணுமாம்" என்று ஃபோனைக் கொடுத்தார். ரங்காச்சாரி கொஞ்ச நேரம் இருமினார்.

"அன்னிக்கு நான்தான் இருந்தேன்மா, பக்கத்துல. அந்தப் புதுப் பொண்ணு வேற யாரையோ குளிப்பாட்டிண்டிருந்தா. அவனுக்குத் தொண்டை வறண்டுடுத்து. தண்ணின்னு கேட்டான், நன்னாத் தெளிவாக் கேட்டான். யாரைக் கூப்பிடறது? என் டம்ளர்ல எடுத்துண்டு போய் வாய்கிட்ட நீட்டினேன்."

"குடிச்சாருங்களா?"

"வாயை இறுக்க மூடிண்டுட்டான். வெச்சுக்க மாட்டேங்கறான். அந்த ஒரு கைதானே வேலை செய்யும்? அந்தக் கையைத் தூக்கி இப்படி ஏந்தினான். குழிச்சு. நான் உசரத்துலேருந்து ஊத்தணும், அவன் கையில வாங்கிக் குடிக்கணும்னு. எல்லாம் மறந்து போச்சேம்மா அவனுக்கு. தெலுங்கு மறந்துது, என் பேரு மறந்துது, உங்கண்ணன் பேருகூட அன்னிக்கு வரலே. இது மறக்கலே."

ஃபோனை இன்னொரு காதுக்கு மாற்றினேன். வெளியே எங்கள் தெருவில் பனியைத் தள்ளும் வண்டி போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியட்டும் என்று இருந்தேன்.

"நீங்க என்ன பண்ணீங்க சாமி?"

"என்ன பண்றது? அந்தக் கையைப் பிடிச்சேன். பிடிச்சு இறக்கி, என் மடியில வெச்சு அழுத்திண்டேன். இன்னொரு கையால டம்ளரை அவன் உதட்டுல வெச்சேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தான். அப்பறம் குடிச்சான். பாதி என் வேஷ்டியில சிந்திடுத்து. பரவாயில்லே, குடிடான்னேன். குடிச்சான்மா."